ஈறுகெட்ட பற்கள்

பல்லைப் பற்றித் தமிழில் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பவை ஆலும் வேலும்தான். பின்னாலேயே வேம்பு வரும். உப்பு, அடுப்புக்கரி, சாம்பல், திரிபலா, கிராம்பு, நல்லெண்ணெய் என்று பட்டியல் நீளும். இலங்கை வானொலியின் விளம்பரங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குக் கோபால் பல்பொடி. அதற்கு அடுத்த தலைமுறைக்குத் தொலைக்காட்சியில் வெள்ளை அங்கி அணிந்தவர் சிபாரிசு செய்யும் பற்பசை. இன்றைய தலைமுறைக்கு மீண்டும் கரி, இம்முறை பத்து மடங்கு விலையில், கறுப்புக் குழாயில் அடைக்கப்பட்டு. இந்த நெடும்பேச்சில் ஒரு விசித்திரம் உண்டு. எதைக் கொண்டு தேய்ப்பது என்பது குறித்து நம்மிடம் நூறு கருத்துகள் இருக்கின்றன. எங்கே, எப்பொழுது, எவ்வளவு நேரம் தேய்ப்பது என்பது குறித்து அநேகமாக ஒரு கருத்தும் இல்லை.

பொருளின் மீது நமக்குள்ள இந்த மயக்கம்தான் நம் பற்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். மரபை மறந்ததால் பல் போயிற்று என்று ஒரு சாராரும், மரபைப் பிடித்துத் தொங்கியதால் போயிற்று என்று மறு சாராரும் வாதிடுகிறார்கள். இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். குச்சியா குழாயா என்ற வழக்கில் இருவருமே பல்லை மட்டும் பார்க்கிறார்கள். பல் நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை.

நம் சொற்களே இதற்குச் சாட்சி. பல் துலக்குகிறோம், பல் விளக்குகிறோம். இரண்டு சொற்களும் பித்தளைப் பாத்திரத்துக்கும் அப்படியே பொருந்துபவை. ஈழத்தில் பல் தீட்டுகிறார்கள். அது கத்திக்கும் பொருந்தும். எல்லாமே பளபளப்பைக் குறித்தவை. சங்கப் புலவர்கள் முல்லை அரும்பையும் முத்தையும் மயிலிறகின் அடிக்குருத்தான முருந்தையும் பல்லுக்கு உவமையாக்கினார்கள். அந்தப் பெருமையில் ஒரு பங்கும் ஈறுக்குக் கிடைக்கவில்லை. ஈறு என்ற சொல்லை நம்மில் பலர் கடைசியாகக் கவனித்துக் கேட்டது இலக்கண வகுப்பில், 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' என்று ஆசிரியர் சொன்னபோதாகத்தான் இருக்கும். ஈறு என்றால் அங்கே இறுதி. வாயிலும் அதே பொருள் மெல்ல வந்து பொருந்துகிறது. ஈறு கெட்டால் பல்லுக்கு இறுதி.

ஒரு பல்லின் வேரைத் தாடையெலும்போடு பிணைத்து வைத்திருப்பவை மெல்லிய நார்கள். அந்தப் பிணைப்பின் வாசலைக் காத்து நிற்பது ஈறு. பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பில் கிருமிகள் ஒட்டும் பசையாய்ப் படிகின்றன. தேய்த்த சில மணி நேரத்திலேயே இந்தப் படலம் மறுபடி உருவாகத் தொடங்கிவிடும். சில நாள் விட்டுவிட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஏற்றுக் காரையாய் இறுகும். ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும். சிலருக்கு அதோடு நிற்கும். பலருக்கு அழற்சி உள்ளே இறங்கி நார்களையும் எலும்பையும் கரைக்கும். பெரும்பாலும் வலியே இருக்காது. பல் ஆடத் தொடங்கும்போதுதான் தெரியவரும். அப்போது நாம் அதற்கு வைக்கும் பெயர் முதுமை.

*

முதுமை என்று நாம் சொல்வது உண்மையில் எது என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் தமிழர்கள். அவர்கள் அதை விரும்பிச் செய்யவில்லை. செய்ததாக அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதும் சந்தேகமே.

நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1969இல் ஆஸ்லோவில் 565 ஆண்களின் வாய்களைப் பரிசோதித்தார்கள். மாணவர்கள், கல்வித்துறையினர், சிறுவயது முதலே முறையான பல் மருத்துவம் கிடைத்தவர்கள். அடுத்த ஆண்டு அதே பரிசோதனையை இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களிடம் தொடங்கினார்கள். வயது பதினான்கு, பதினைந்திலிருந்து முப்பது வரை. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவர்களாக்கப்பட்ட சமூகம் அது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலம். அவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. உடல் வலுவுள்ளவர்கள், ஆனால் பல்நோய்த் தடுப்போ சிகிச்சையோ எட்டிப் பார்க்காத இடத்தில் வாழ்பவர்கள். வழக்கமான பற்பராமரிப்பு முறைகளும் அவர்களிடம் இல்லை. மனித வாயைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் காண அப்படியொரு கூட்டம் தேவைப்பட்டது.

பதினைந்தாண்டுகள், 1985 வரை, அவர்களைத் திரும்பத் திரும்பச் சென்று அளந்தார்கள். இறுதியில் எஞ்சியவர்கள் 161 பேர்.

முதல் செய்தி: அவர்களுக்குச் சொத்தைப் பல் அநேகமாக இல்லை. நம் பொதுப்புத்தியின்படி அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். சொத்தையில்லாத பல் நல்ல பல் அல்லவா. ஆனால் நாற்பது வயதை எட்டும்போது ஆஸ்லோக்காரர்கள் பல்லின் பிணைப்பில் சராசரியாக 1.5 மில்லிமீட்டர் இழந்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள் 4.5 மில்லிமீட்டர் இழந்திருந்தார்கள். மும்மடங்கு. சொத்தையில்லாத, முத்துப் போன்ற பற்கள் அடிநிலம் கரைந்து நின்றுகொண்டிருந்தன.

1986இல் வெளியான கட்டுரையில் லோ அவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார். ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முன்னேறியது. 45 வயதில் அவர்களின் இழப்பு சராசரியாக 13 மில்லிமீட்டர். ஒரு பல்லின் வேர் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான். 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகம். அதே வயதில் 7 மில்லிமீட்டர். மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு சிவந்திருந்தது, காரை படிந்திருந்தது, ஆனாலும் பிணைப்பு அவ்வளவாகக் கழலவில்லை.

இந்தப் பதினொரு சதவீதத்தினரை நமக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு தாத்தா இருக்கிறார். பிரஷ்ஷையே கண்ணால் பார்த்ததில்லை, வேப்பங்குச்சியும் சாம்பலும்தான், எண்பது வயதிலும் முறுக்கும் கரும்பும் கடித்துத் தின்றார். அந்தத் தாத்தா உண்மைதான். ஆனால் அவரைக் காப்பாற்றியது சாம்பல் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒன்றுமே செய்யாவிட்டாலும் தப்பித்திருக்கக்கூடிய உடல்வாகு அவருடையதாக இருக்கலாம். அதே சாம்பலைத் தேய்த்து, ஐம்பது வயதில் சோற்றைக் குழைத்து விழுங்கிய மற்றத் தாத்தாக்களையும் பாட்டிகளையும் யாரும் கதையாகச் சொல்வதில்லை. பல் போனால் சொல் போச்சு என்கிறோம். அவர்கள் தரப்பின் சொல்லும் அப்படித்தான் போயிற்று.

*

லோவின் இன்னொரு ஆய்வு இதைவிடச் சிறியது, இதைவிட நம்பிக்கை தருவது. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், ஆரோக்கியமான ஈறுகளைக் கொண்ட 12 பேரைப் பல் தேய்ப்பதை அறவே நிறுத்தச் சொன்னார். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் தேய்க்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது.

எலும்பு கரைந்துவிட்டால் திரும்ப வராது. ஆனால் ஈறின் தொடக்க வீக்கம் முற்றிலும் மீளக்கூடியது. மருந்து வேண்டாம், மூலிகை வேண்டாம். படலத்தை நாள்தோறும் அகற்ற வேண்டும், அவ்வளவுதான். ஈறில் ரத்தம் கசிந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விடுவது நம் வீடுகளின் வழக்கம். செய்யவேண்டியது நேரெதிர். ரத்தம் வரும் இடம்தான் தேய்க்கப்படாத இடம். மென்மையாக, விடாமல் அங்கே சுத்தம் செய்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் கசிவு நிற்கும். நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. புகையிலை ரத்தக்குழாய்களைச் சுருக்கிக் கசிவை மறைத்துவிடுகிறது, உள்ளே அழிவு விரைந்து நடக்கிறது.

'பல்லைச் சுத்தம் செய்தால் ஆட ஆரம்பித்துவிடும்' என்பது நம்மிடையே வேரூன்றிய இன்னொரு நம்பிக்கை. பல ஆண்டுகள் படிந்த காரை, ஆடும் பற்களை ஒன்றோடொன்று பூசி நிறுத்தியிருக்கும். மருத்துவர் அதை அகற்றும்போது ஆட்டம் வெளியே தெரிகிறது. சுவரிலிருந்து பழைய காரை உதிர்ந்ததும் விரிசல் தெரிவதைப் போலத்தான். விரிசலை உண்டாக்கியவர் காரையைச் சுரண்டியவர் அல்லர்.

*

அப்படியானால் பொருளுக்கு மதிப்பே இல்லையா? உண்டு, நாம் நினைக்கும் இடத்தில் இல்லை.

வேப்பங்குச்சியை எடுத்துக்கொள்வோம். அதன் சாற்றுக்குக் கிருமிகளை ஓரளவு எதிர்க்கும் தன்மை உண்டு. ஆனால் அதன் உண்மையான வலிமை அதன் நிதானத்தில் இருந்தது என்றே தோன்றுகிறது. குச்சியை ஒடித்து, நுனியை மென்று நாராக்கி, கிணற்றடிக்கோ வயலுக்கோ நடந்துகொண்டே கால் மணி நேரம் வாயில் வைத்திருந்தார்கள். 1938இல் நைலான் இழை பிரஷ் சந்தைக்கு வந்தது. காலப்போக்கில் நமக்கும் வந்தது. குச்சியை விட்டோம், கூடவே அந்தக் கால் மணி நேரத்தையும் விட்டோம். இப்போது குளியலறையில் அரை நிமிடம், அதிலும் கண்ணாடியில் தெரியும் முன்பற்களுக்கே பெரும்பங்கு. குச்சிக்குத் திரும்பச் சொல்பவர்கள் குச்சியை மட்டும் திருப்பித் தருகிறார்கள், நேரத்தை அல்ல.

சாம்பல், செங்கல் தூள், கரி ஆகியவை பளிச்சென்று ஆக்கும். சொரசொரப்பால் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துக் குறைத்துத்தான் ஆக்கும். அந்தப் பூச்சு மீண்டும் வளராது. புகையிலை கலந்த பற்பொடிகளும் பசைகளும் இந்தியாவில் பல பகுதிகளில் நெடுங்காலம் புழங்கின. பல் கூச்சத்தை மரக்கச் செய்ததால் நல்ல மருந்தென்று பெயர் வாங்கின. 1992இல் மத்திய அரசு அவற்றைத் தடைசெய்தது. பல் தேய்ப்பதாக எண்ணிக்கொண்டு ஒரு தலைமுறை பெண்கள் புகையிலைக்கு அடிமையான வரலாறு அதன் பின்னால் இருக்கிறது. வெற்றிலைப் பாக்கைக் குறித்தும் இங்கே ஒரு வார்த்தை. புகையிலை சேர்க்காத பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியிருக்கிறது. தாம்பூலம் பல்லுக்கு உறுதி என்ற பேச்சை இனியாவது விட்டுவிடலாம்.

பற்பசையில் மெய்யாகவே பயன் நிரூபிக்கப்பட்ட பொருள் ஃப்ளோரைடு. அது சொத்தையைத் தடுக்கிறது. ஈறைக் காப்பது அதன் வேலை அன்று. தேய்த்து முடித்ததும் நாம் ஐந்தாறு முறை ஓங்கிக் கொப்பளித்து, காசு கொடுத்து வாங்கிய ஃப்ளோரைடைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறோம். துப்பிவிட்டு நிறுத்திக்கொண்டால் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அரிசி அளவு பசை, ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்து பற்கள் பழுப்பேறுகின்றன. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. அங்குள்ள பெற்றோர் குழந்தைகளின் பற்பசையைக் குறித்து மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்வது நல்லது.

*

எப்பொழுது என்ற கேள்விக்கு நம் மரபு ஒரே விடையைத்தான் வைத்திருக்கிறது: காலையில், பச்சைத் தண்ணீர் பல்லில் படுமுன். பல் தேய்க்காமல் காப்பி குடிப்பவரைப் பற்றி நாம் கொள்ளும் அருவருப்பு ஓர் ஒழுக்கத் தீர்ப்புக்கு நிகரானது. இரவில் தேய்க்காமல் படுப்பவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நம்முடைய பல் துலக்கல் ஒரு தூய்மைச் சடங்கு. நாளைத் தொடங்கும் தகுதியை அது தருகிறது. தமிழ் முஸ்லிம்களிடையே தொழுகைக்கு முன் மிஸ்வாக் குச்சியைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. நாளில் பலமுறை வாயைக் கவனிக்கும் நல்ல பழக்கம் அது. மற்றவர்களுக்குக் காலையோடு சரி.

ஆனால் ஆபத்து இரவில்தான். உறங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைகிறது. பகல் முழுவதும் வாயைக் கழுவிக்கொண்டிருந்த இயற்கைக் காவலாளி ஓய்வெடுக்கும் நேரத்தில், சாப்பாட்டின் எச்சத்தோடு எட்டு மணி நேரத்தை வாய்க்குள் பூட்டி வைக்கிறோம். நாளில் ஒருமுறைதான் ஒழுங்காகத் தேய்க்க இயலும் என்றால், அந்த ஒருமுறை படுக்கப் போகும் முன்னாக இருக்க வேண்டும்.

இனிப்பின் கதையும் காலத்தின் கதைதான். சுவீடனின் லுண்ட் நகரையடுத்த விப்பெஹோல்ம் மனநலக் காப்பகத்தில் 1945 முதல் நடந்த ஆய்வில், அறிவுவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாய்கள் சாப்பாட்டு வேளைகளுக்கு இடையே திட்டமிட்டுத் தரப்பட்டன. பலருடைய பற்கள் அழிந்தன. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம் என்ற அறிவு அப்படித்தான் வந்தது. ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போனதும் வாயில் அமிலம் ஏறும். அடங்க அரை மணி நேரத்துக்கு மேலாகும். சாப்பாட்டோடு ஒரு துண்டு மைசூர்பாகு தின்பவரைவிட, அலுவலகத்தில் காலை முதல் மாலை வரை அரை டம்ளர் அரை டம்ளராகச் சர்க்கரைத் தேநீர் உறிஞ்சுபவரின் பல் அதிகம் சிரமப்படுகிறது.

செய்யவேண்டியவை இவ்வளவுதான். மென்மையான இழை கொண்ட பிரஷ். அதைப் பல்லின் நடுவில் வைக்காமல், ஈறும் பல்லும் கூடும் விளிம்பில் சாய்வாக வைத்துச் சிறு அசைவுகளால் தேய்ப்பது. உட்புறத்தை மறக்காமல் இரண்டு நிமிடம், இரண்டு வேளை. பிரஷ் நுழையாத பல்லிடுக்குகளுக்கு நாளில் ஒருமுறை நூலோ சிறு தூரிகையோ; குண்டூசியும் தீக்குச்சியும் அதற்கு மாற்று ஆகா. ஓங்கித் தேய்த்தால் ஈறு விலகும், வேர் கூசும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் காரையை அகற்றுவது பெரும்பாலோருக்கு நல்லது. சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஈறுநோயை அந்நோயின் ஆறாவது சிக்கல் என்று 1993இல் லோவே எழுதினார். கட்டுப்படாத சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது. கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது.

*

இதையெல்லாம் தனிமனித ஒழுக்கமாக மட்டும் போதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழக்கம் என்பது வசதியின் மேல்தான் நிற்கிறது. வரிசை லயங்களில், பலருக்குப் பொதுவான ஒரு குழாயில், விடியுமுன் மலையேறப் புறப்படும் ஒருவரிடம் போய் இரண்டு நிமிடம், இரண்டு வேளை என்று சொல்வதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் பேச வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிப் பாத்திரம் கழுவிக் கடைசியாகப் படுக்கப் போகும் பெண்ணின் அசதியைப் பற்றியும் பேச வேண்டும். பல் மருத்துவம் பெரும்பாலான காப்பீடுகளுக்கு வெளியே நிற்கும் நாட்டில், ஆடும் பல்லைப் பிடுங்குவதே ஏழையின் சிகிச்சையாக இருப்பதில் வியப்பில்லை. தீவிர ஈறுநோய் உலகில் நூறு கோடிப் பேருக்கு மேல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. அவர்கள் அனைவரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் குழாயும் வெளிச்சமும் நேரமும் வாய்த்த நமக்கு அந்தச் சாக்கு இல்லை. 2010இல் ஆய்வாளர்கள் மீண்டும் அந்தத் தோட்டங்களுக்குச் சென்று, நாற்பதாண்டுகளுக்கு முன் பார்த்தவர்களில் 75 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 2017இல் வெளியான அதன் முடிவும் பழைய முடிவைத்தான் உறுதிசெய்தது: காரையை அகற்றுவதும், படலத்தையும் ஈறு வீக்கத்தையும் கட்டுக்குள் வைப்பதுமே பல்லை நிறுத்துகின்றன. உலகமெங்கும் ஈறுநோய்ப் பாடத்தில் மாணவர்கள் படிக்கும் அந்த எண்கள் நம் மொழி பேசிய வாய்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்த வாய்கள் இழந்ததற்கு ஈடாக அவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு மருத்துவம்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்களால் கிடைத்த அறிவு மட்டும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இன்னும் ஆலா வேலா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருப்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.